சாமி கும்பிடாதவருக்குக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் சரிப்படுமா? நோட்டர் டேம் முதல் லொயோலா சிகாகோ வரை ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் பெரிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர ஞானஸ்நானச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகைப் பதிவேடு கிடையாது. விண்ணப்பத்தில் மதம் என்றொரு கட்டம் இருந்தால் அதை நிரப்பாமலே விட்டுவிடலாம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நோட்டர் டேம், ஜார்ஜ்டவுன் என்று பேச்செடுத்த உடனே நம் வீடுகளில் கிளம்புகிற சந்தேகம் 'மதம் மாத்திடுவாங்களோ' என்பதுதான். மாற்றமாட்டார்கள். அங்கே பாடம் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் இன்று துறவிகளே அல்லர். ஜார்ஜ்டவுனில் 2001-இல் தலைவராக வந்த ஜான் டிஜோயா குருப்பட்டம் பெறாத குடும்பஸ்தர். அமெரிக்க இயேசு சபைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அப்படி ஒருவர் தலைவரானது அதுவே முதல் தடவை.

'பெயரில்தான் கத்தோலிக்கம், மற்றபடி எல்லாம் ஒன்றுதான்' என்று வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். திருச்சபையின் கை மூன்று இடங்களில் உங்கள் மேல் படும்: பாடத்திட்டம், விடுதி அறை, மருந்துச் சீட்டு. முதலாவதில் கெட்டிக்காரராக இருந்தால் லாபம். இரண்டாவது ஊருக்கு ஊர் மாறும். மூன்றாவதுதான் உண்மையான குறை, அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

கத்தோலிக்கம் என்ற ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே வெவ்வேறு கடைகள் இருக்கின்றன. நாடு முழுக்க இருநூறுக்கு மேற்பட்ட கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனங்கள். அவற்றில் 27 இயேசு சபையுடையவை: ஜார்ஜ்டவுன் (1789), செயின்ட் லூயிஸ் (1818), ஃபோர்டம் (1841), சான்டா கிளாரா (1851), பாஸ்டன் காலேஜ் (1863), லொயோலா சிகாகோ (1870), மார்க்கெட் (1881) எல்லாம் இந்த வரிசை. நோட்டர் டேம் (1842) திருச்சிலுவைச் சபையுடையது. வில்லனோவா அகுஸ்தீனார் சபை, டேட்டன் மரியானிஸ்ட், சிகாகோவின் டீபால் வின்சென்சியன் சபை. இவை எல்லாமே 1967-இல் விஸ்கான்சினில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் கூடிய கத்தோலிக்கக் கல்வியாளர்களின் அறிக்கை காட்டிய வழியில் வந்தவை. பல்கலைக்கழகம் வெளி அதிகாரம் எதற்கும், திருச்சபை அதிகாரத்துக்கும்கூட, கட்டுப்படாமல் தன்னாட்சியுடன் இருக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. அதற்குக் கடிவாளம் போடுவதுபோலப் போப் இரண்டாம் ஜான் பால் 1990-இல் ஓர் ஆவணம் வெளியிட்டார். கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்று சொல்லும் அதே ஆவணம், ஒவ்வொருவரின் மனச்சாட்சிச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. நம்பிக்கை இல்லாத மாணவர் அங்கே நிற்பது இந்த இரண்டாவது வாக்கியத்தின் மேல்தான்.

இதற்கு மறு கோடியில் ஃபுளோரிடாவின் ஆவே மரியா, வர்ஜீனியாவின் கிறிஸ்டண்டம், ஒஹாயோவில் ஸ்டூபன்வில் ஊரின் பிரான்சிஸ்கன் பல்கலைக்கழகம் போன்றவை. தீவிர நம்பிக்கையாளர்கள் தேடிப் போகும் இடங்கள் அவை. அங்கே நாத்திகராகப் போய்ச் சேர்ந்துவிட்டுக் குறை சொல்வதில் நியாயமில்லை. வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகம் (1887) நடுவில் நிற்கிறது: ஆராய்ச்சி மரியாதை உண்டு, விடுதிகள் ஆண் பெண் தனித்தனி, ரோமுடன் நேரடித் தொடர்பு. எந்தக் கடை எந்த ரகம் என்று கண்டுபிடிக்க விளம்பரக் கையேட்டைப் பார்க்காதீர்கள். துறைப் பட்டியலைப் பாருங்கள். இறையியல் துறையில் இஸ்லாம், பௌத்தம், யூத மரபு கற்பிக்க ஆள் இருக்கிறார்களா, விடுதி விதிப்புத்தகத்தில் விருந்தினர் நேரம் என்ன போட்டிருக்கிறது, மாணவர் சங்கப் பட்டியலில் எவை இருக்கின்றன என்று பார்த்தால் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

பாடத்திட்டத்துக்கு வருவோம். திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், சென்னை லொயோலா போன்ற கல்லூரிகளைப் பார்த்தவர்கள் கத்தோலிக்கருக்கு மறைக்கல்வி, மற்றவருக்கு நன்னெறி வகுப்பு என்ற பிரிவினைக்குப் பழகியிருப்பார்கள். அமெரிக்காவில் அந்தத் தடுப்புச் சுவர் இல்லை. இளநிலை மாணவர் யாராக இருந்தாலும் இறையியல் வகுப்பில் உட்கார வேண்டும். ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ், ஃபோர்டம், லொயோலா சிகாகோ எங்கும் இரண்டு இறையியல், இரண்டு மெய்யியல் என்பது கணக்கு. நோட்டர் டேமில் இறையியல் இரண்டு, மெய்யியல் ஒன்று கட்டாயம். நான்காவதுக்கு இன்னொரு மெய்யியலோ, கத்தோலிக்க மரபை வேறொரு துறையின் கண்ணால் பார்க்கும் பாடமோ எடுக்கலாம். காலாண்டு முறையில் இயங்கும் சான்டா கிளாராவில் மதம், இறையியல், பண்பாடு என்ற தலைப்பில் மூன்று. பொறியியல் மாணவருக்கும் விலக்குக் கிடையாது. பள்ளியிலேயே ஏ.பி. என்ற கல்லூரி நிலைத் தேர்வு எழுதிக் கழித்துவிடலாம் என்றால் இறையியலுக்கு ஏ.பி. தேர்வே இல்லை. கோடை விடுமுறையில் மலிவான சமுதாயக் கல்லூரியில் முடித்துக் கொண்டுவரும் வழியும் இந்தப் பாடத்துக்குப் பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

பணக் கணக்கும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பட்டத்துக்கு 120 கிரெடிட், மூன்று கிரெடிட் பாடமாக எடுத்தால் 40 பாடம். அதில் நான்கு என்றால் பத்தில் ஒன்று. ஆண்டுக் கல்விக் கட்டணம் 65,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பத்துப் பாடத்துக்கு வகுக்க, ஒரு பாடம் 6,500 டாலர். இரண்டு இறையியல் வகுப்புக்கு 13,000. இந்தத் தொகை மனதை உறுத்துமானால் அரசுப் பல்கலைக்கழகம்தான் உங்களுக்குத் தோது. உறுத்தாது என்றால் மேலே படியுங்கள், ஏனென்றால் இந்த வளாகங்களின் ஆகச் சிறந்த சரக்கே இந்த வகுப்புகள்தான் என்பது எங்கள் தீர்மானம்.

ஜார்ஜ்டவுனில் முதல் இறையியல் பாடமாக 'கடவுள் என்னும் பிரச்சினை' அல்லது விவிலிய இலக்கிய அறிமுகம், இரண்டில் ஒன்றை எடுக்கலாம். முதலாவதில் பிரிவுக்குப் பிரிவு ஆசிரியர் மாறுவார், ஆசிரியருக்கு ஆசிரியர் நூல் பட்டியல் மாறும். அகுஸ்தீனாருக்குப் பக்கத்திலேயே ஃபாயர்பாக், மார்க்ஸ், நீட்சே, ஃபிராய்ட் என்று கடவுளை மறுத்தவர்கள் வரிசையாக வருவது அங்கே சகஜம். ஃபோர்டமில் 'நம்பிக்கையும் திறனாய்வு அறிவும்', வில்லனோவாவில் 'நம்பிக்கை, அறிவு, பண்பாடு' என்று பெயர். பெயர்களைக் கேட்டால் ஞாயிறு மறைக்கல்வி போலத் தோன்றும், நடப்பது வாசிப்பும் வாதமும்தான். நீங்கள் நம்புகிறீர்களா என்பதற்கு மதிப்பெண் இல்லை. ஒருவருடைய வாதத்தைச் சிதைக்காமல் எடுத்துச் சொல்லி, எங்கே இடிக்கிறது என்று காட்டத் தெரிகிறதா என்பதற்குத்தான்.

நம்பிக்கை இல்லாத மாணவர்கள் முதல் கட்டுரையிலேயே சறுக்குவதும் இந்த இடத்தில்தான். விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் விலங்குகள் முதலில், பிறகு ஆணும் பெண்ணுமாக மனிதர். இரண்டாம் அதிகாரத்தில் ஆண் முதலில், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். கடவுளைக் குறிக்கும் பெயரும் வேறு, நடையும் வேறு. ஏன் இரண்டு கதைகள், எவர் கைவரிசை, எக்காலம் என்பது கேள்வி. 'இது பரிணாமக் கொள்கைக்கு ஒவ்வாது' என்று நான்கு பக்கம் எழுதினால் சி கிரேடுதான் வரும். அதை அந்த வகுப்பில் யாரும் மறுக்கவே இல்லை. பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1950-இலேயே எழுதிவிட்டார். பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பாதிரியார். மேடை நாத்திகத்தின் ஆயுதங்கள் சீர்திருத்த (புரோட்டஸ்டன்ட்) சபைகளின் எழுத்துக்கு எழுத்து நம்பிக்கையை நோக்கிச் செய்யப்பட்டவை. இங்கே குறி வேறு. துன்பம் ஏன், அதிகாரம் யாருக்கு, ஒரு வாசகத்துக்கு யார் பொருள் சொல்வது என்ற பக்கத்தில் கேளுங்கள், வகுப்பே சூடாகிவிடும்.

நூல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்த சபைகளுடையதில் 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு என ஏழு குறையும். கிடைத்த பதிப்பை மலிவாக வாங்கிவிட்டால் பருவத்தின் நடுவில் மக்கபேயர் படிக்கச் சொல்லும்போது பக்கம் இருக்காது. ஆக்ஸ்போர்டின் உரைக்குறிப்புப் பதிப்பு கேட்டால் இந்த ஏழும் அடங்கிய இணைத்திருமுறை நூல்கள் சேர்ந்த பதிப்பா என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள். பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கும், வகுப்புக்கு அதுவே போதும்.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். முதல் பாடத்தை முடித்தால்தான் இரண்டாவது திறக்கும். கடைசி ஆண்டுக்குத் தள்ளி வைத்தவர்களுக்கு, நிறைவுத் திட்டப்பணி ஆய்வகமும் இறையியல் வகுப்பும் ஒரே நேரத்தில் மோதிப் பட்டமே ஒரு பருவம் தள்ளிப்போகிற ஆபத்து உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஒரு பருவம் என்பது கட்டணம், வாடகை, வேலைத் தேதி எல்லாம் சேர்ந்த அடி. முதலாண்டில் ஒன்று, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மற்றது என்று வைத்துக்கொள்வது பத்திரம். இரண்டாவது பாடத்துக்குத் தேர்வு விரிவானது. லொயோலா சிகாகோவில் அடுத்த நிலைப் பாடங்களில் மற்றச் சமயங்களும் உண்டு. பாஸ்டன் காலேஜில் பல்ஸ் என்றொரு வழி: ஓராண்டு, 12 கிரெடிட், இறையியல் இரண்டும் மெய்யியல் இரண்டும் ஒரே மூச்சில் தீரும். ஆனால் வாரம் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காப்பகம், பள்ளி, உணவு வழங்கும் இடம் என்று வெளியே போய் வேலை செய்ய வேண்டும். ஆய்வகப் பாடம் இரண்டு வைத்திருக்கும் மாணவர் அதே ஆண்டில் இதைத் தொடக் கூடாது. நேரம் இருப்பவருக்கு நாங்கள் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

தமிழ் வாசகருக்கென்றே ஒரு தகவல். பாஸ்டன் காலேஜின் ஒப்பியல் இறையியல் மரபில் பெரிய பெயர் பிரான்சிஸ் குளூனி என்ற இயேசு சபைத் துறவி. 1984 முதல் 2005 வரை அங்கே கற்பித்துவிட்டு ஹார்வர்டுக்குப் போனவர். அவருடைய ஆய்வின் மையம் நம்மாழ்வாரும் திருவாய்மொழியும் ஸ்ரீவைஷ்ணவ உரைகளும். ஆகவே இறையியல் துறை என்றதும் விவிலியம் மட்டும்தான் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

அடுத்தது விடுதி. இதில் நோட்டர் டேம் ஒரு தனி உலகம். இளநிலை மாணவர் ஆறு பருவங்கள், அதாவது மூன்று ஆண்டு, வளாக விடுதியிலேயே தங்க வேண்டும். விடுதிகள் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. எதிர்பாலினத்தவர் உங்கள் அறையில் இருக்கலாம், ஆனால் ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவு 12 மணிக்குள்ளும், வெள்ளி, சனி இரவுகளில் 2 மணிக்குள்ளும் வெளியேறிவிட வேண்டும். இதற்குப் பெயர் பரைட்டல்ஸ். மீறினால் அறிவுரையோடு விடமாட்டார்கள், ஒழுங்கு நடவடிக்கை உண்டு. மாணவர் விதிப்புத்தகம் உடலுறவு திருமணத்துக்குள் மட்டுமே என்று எழுத்திலேயே சொல்கிறது. 12 மணிக்குப் பிறகு குழுவாகப் படிக்க வேண்டியிருந்தால் பொதுக்கூடம்தான் வழி. இளநிலை விடுதிகளில் விஸ்கி, வோட்கா வகையறாவுக்கு அனுமதி கிடையாது, வயது 21 ஆனவருக்கும் சேர்த்துத்தான். வீட்டுக் கெடுபிடியிலிருந்து தப்பிக்க அமெரிக்கா போகிறவருக்கு இது கசக்கும், பெற்றோருக்கு இனிக்கும்.

ஒவ்வொரு விடுதியிலும் ஒரு சிற்றாலயம். ஞாயிறு இரவில் அரைக்கால்சட்டையோடும் வீட்டுச் செருப்போடும் மாணவர்கள் இறங்கிப் பூசைக்குப் போவார்கள். பூசை முடிந்ததும் மில்க் ஷேக் கலந்து கொடுத்துப் பெயர் வாங்கிய விடுதியும் உண்டு. மாணவர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்குக் கத்தோலிக்கர். யாரும் உங்களைக் கூப்பிடமாட்டார்கள், விலக்கியும் வைக்கமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மாடியே காலியாக இருக்கும்போது நீங்கள் மட்டும் அறையில் இருப்பீர்கள். சகோதரத்துவச் சங்கங்கள் எனப்படும் கிரேக்க எழுத்துக் கூட்டங்கள் அங்கே இல்லாததால் நட்பு, விளையாட்டு, கொண்டாட்டம் எல்லாமே விடுதியைச் சுற்றித்தான். நம்பிக்கை இல்லாதவருக்கு நோட்டர் டேமின் சிரமம் விதிகளைவிட இந்தத் தனிமைதான். இதைத் தாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு பிறகு முடிவெடுங்கள். இன்னொரு பக்கம், 2025 சேர்க்கையிலிருந்து வெளிநாட்டு மாணவருக்கும் குடும்பத்தின் பணநிலையைப் பார்க்காமல் இடம் கொடுப்பது, உதவித்தொகையில் கடனைச் சேர்க்காமல் இருப்பது என்று அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிச் செய்யும் பல்கலைக்கழகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பணம் இல்லாத, மதிப்பெண் நிறைந்த நாத்திகருக்கு மாடி காலியாக இருப்பது ஒரு பொருட்டா என்ன.

இயேசு சபை வளாகங்களில் விடுதிகள் கலப்பு. ஜார்ஜ்டவுனில் சில மாடிகளில் ஒரு குருவோ, ரபியோ, வேறு சமயத்து வழிகாட்டியோ குடியிருப்பார். கதவைத் தட்டினால் தேநீர் கிடைக்கும், பிரசங்கம் கிடைக்காது. 1999-இல் முழுநேர இமாமையும், 2016-இல் இந்து சமய வழிகாட்டியையும் நியமித்த இடம் அது. லொயோலா சிகாகோவின் டேமன் மாணவர் மையத்தில் முஸ்லிம் தொழுகை அறையும் இந்து மந்திரும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், எல்லா மதத்துக்கும் அறை ஒதுக்கும் இந்த ஏற்பாட்டில் மதமே இல்லாதவர் எங்கே போய் உட்காருவது என்பதற்குத்தான் இடம் குறைவு. மனநல ஆலோசனை மையத்தைத் தேட வேண்டிய நேரத்தில் வளாகச் சமயப்பணி அலுவலகத்துக்குக் கை காட்டுவார்கள். அன்போடுதான் செய்வார்கள். ஆலோசனை மையத்தின் எண்ணை முதல் வாரமே கைபேசியில் சேமித்து வையுங்கள்.

மருத்துவம். கத்தோலிக்க மருத்துவ அமைப்புகளுக்கு அமெரிக்க ஆயர் பேரவை வகுத்த நெறிமுறைகள் உண்டு. கருத்தடையை ஊக்குவிக்கவோ ஏற்கவோ கூடாது என்பது அதில் ஒன்று. பல வளாக மருத்துவ மையங்களும் அந்த வழியிலேயே போகின்றன. நடைமுறையில் இதன் பொருள்: கருத்தடைக்காக மாத்திரை கேட்டால் சீட்டு எழுதித் தரமாட்டார்கள். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), அதிக உதிரப்போக்கு போன்ற காரணம் மருத்துவக் குறிப்பில் இருந்தால் அதே மாத்திரையை எழுதுவார்கள். வளாகக் கடைகளில் ஆணுறை இருக்காது. பால்வினை நோய்ப் பரிசோதனை பெரும்பாலும் கிடைக்கும்.

இதில் மாணவர்கள் செய்யும் குழப்பம், மையமும் காப்பீடும் ஒன்றென்று நினைப்பது. மையம் எழுதித் தராததைக் காப்பீடு ஏற்கக்கூடும், ஏனென்றால் பல இடங்களில் காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேர்க்காமல் தனியாக அந்தச் செலவை ஏற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே மையத்தை விட்டுவிட்டுக் காப்பீட்டு அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்குப் பேசி, கருத்தடை மருந்து எந்த விதியில் வருகிறது, வெளி மகளிர் மருத்துவர் யார் யார் என்று கேளுங்கள். 2024 மார்ச் முதல் ஓபில் என்ற தினசரி மாத்திரை மருத்துவர் சீட்டு இல்லாமலே அமெரிக்க மருந்துக் கடைகளில் கிடைக்கிறது; அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 2013-இலிருந்தே வயது வரம்பு இல்லை. வளாகத்துக்கு வெளியே சிவிஎஸ், வால்கிரீன்ஸ் போன்ற மருந்துக் கடைகள் எத்தனை தூரம் என்பதை வரைபடத்தில் பார்த்து வைப்பது போதும். பல்கலைக்கழகத்தைவிட மாநிலச் சட்டம் பெரியது என்பதையும் மறக்கக் கூடாது. நோட்டர் டேம் இருக்கும் இண்டியானாவில் 2023 ஆகஸ்ட் முதல் கருக்கலைப்பு ஏறத்தாழ முழுத் தடை. ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள இல்லினாயில் அனுமதி உண்டு.

பேச்சுரிமை பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் பல்கலைக்கழகத்தை அல்ல. வளாகத்தில் உங்களுக்குள்ள உரிமை மாணவர் விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவுதான். ஜார்ஜ்டவுனில் கருக்கலைப்பு உரிமைக்காகப் பேசும் மாணவர் குழு ஒன்று அங்கீகாரம் இல்லாமலே இயங்குகிறது. பல்கலைக்கழக நிதி இல்லை. விளையாட்டு அணியின் பெயரில் ஓர் எழுத்தை நட்சத்திரக் குறியாக்கித் தன் பெயரை எழுதிக்கொள்கிறது. ரெட் ஸ்கொயர் என்ற திறந்த முற்றத்தில் மேசை போட்டு ஆணுறை விநியோகிக்கிறது. அறைக்குள் இடம் தரமாட்டோம், முற்றத்தில் பேசிக்கொள் என்பது அந்த வளாகத்தின் சமரசம். எல்லா வளாகத்திலும் இந்த அளவு தாராளம் கிடையாது. பால்புதுமையினர் (எல்ஜிபிடி) விஷயத்தில் 2008-இல் தனி மையம் திறந்ததும் ஜார்ஜ்டவுன்தான். நோட்டர் டேம் 2013-இல் ஒரு சங்கத்தை அங்கீகரித்தது. பகுத்தறிவுச் சங்கம் தொடங்க ஆசைப்படுகிறவர் 'மதச்சார்பற்ற மாணவர்' என்று விண்ணப்பித்து மறுக்கப்படுவதைவிட, மெய்யியல் துறைப் பேராசிரியர் ஒருவரை ஆலோசகராகப் பிடித்து விவாத வட்டம் என்று பதிந்துகொள்வது காரியத்துக்கு ஆகும்.

சுவரில் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம், இருக்கும், கணக்கு வகுப்பிலும் இருக்கும். இரண்டு வாரத்தில் கடிகாரத்தைப் போல அதுவும் கண்ணில் படாது. ஆண்டுத் தொடக்கத்தில் தூய ஆவியார் திருப்பலி நடக்கும். போக வேண்டிய கட்டாயமில்லை, பல வளாகங்களில் அந்த நேரத்து வகுப்புகள் மட்டும் ரத்து. நண்பர்களுக்காகவோ நினைவஞ்சலிக்காகவோ பூசையில் இருக்க நேர்ந்தால், மற்றவர் முழந்தாளிடும்போது சும்மா உட்கார்ந்திருக்கலாம். நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகரும்போது உங்கள் இடத்திலேயே இருங்கள், வழி மட்டும் விடுங்கள். வரிசையில் மாட்டிக்கொண்டால் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தால் குரு அப்பம் தராமல் ஆசி கூறி அனுப்பிவிடுவார். கை நீட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. அது அவர்களுக்குப் பெரிய அவமதிப்பு. திருநீற்றுப் புதனன்று ஆய்வகத் தோழியின் நெற்றியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைத்துவிடப் போகாதீர்கள், அது வழிபாட்டில் பூசிய சாம்பல்.

சாப்பாட்டில் சைவக்காரருக்கு எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்ப்பார்கள். மீன் அந்தக் கணக்கில் வராது என்பதால் எங்கு பார்த்தாலும் பொரித்த மீன், ஆனால் அன்றைக்குப் பாலாடைப் பிட்சாவும் காய்கறி பாஸ்தாவும் தாராளமாக இருக்கும். சிரமம் ஈஸ்டரில். ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ் இரண்டிலும் பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் திங்கள் வரை விடுமுறை. உள்ளூர் மாணவர் வீட்டுக்குப் போய்விடுவார், உணவுக்கூட நேரம் சுருங்கும், விடுதி அறையில் ரைஸ் குக்கர் வைக்கப் பல இடங்களில் அனுமதி இல்லை. அடுப்பறை உள்ள மூத்த மாணவர் வீட்டில் முன்பே சொல்லி வைப்பதே வழி. லொயோலா சிகாகோவுக்கு இந்தத் தொல்லை குறைவு: லொயோலா ரயில் நிலையத்தில் 155 எண் பேருந்து ஏறினால் டெவன் அவென்யூ இந்தியக் கடைவீதியிலேயே இறக்கிவிடும், அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் அங்கே.

எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். செயின்ட் லூயிஸ், சான்டா கிளாரா, டீபால், டேட்டன் என்று கணினி, தரவு அறிவியல் துறைகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இறையியல் பாடம் கிடையாது, விடுதிக் கட்டுப்பாடும் கிடையாது, வெளியில் வீடு எடுத்துத்தான் தங்குவார்கள். மேலாண்மை, சட்டம், மருத்துவத்தில் ஓர் அறநெறிப் பாடம் சேரலாம். மிஞ்சுவது மருத்துவ மையம், ஈஸ்டர் விடுமுறை, சுவரில் சுரூபம். ஆகவே முதுநிலை மாணவர் கத்தோலிக்கமா இல்லையா என்று குழம்பாமல் கட்டணம், வேலைவாய்ப்பு, ஊர் என்று வழக்கமான அளவுகோலில் தேர்ந்தெடுக்கலாம்.

இளநிலைக்கு எங்கள் வரிசை: முதலில் ஜார்ஜ்டவுன், ஆனால் அங்கே பொறியியல் இல்லை. நகரமும் செலவுக் கட்டுப்பாடும் வேண்டுமென்றால் லொயோலா சிகாகோ அல்லது டீபால். விவாதத்துக்கும் வாசிப்புக்கும் பாஸ்டன் காலேஜ். முழு உதவித்தொகை கிடைத்தால் நோட்டர் டேம், கிடைக்காவிட்டால் இரண்டு முறை யோசிக்கலாம். முன்பணம் கட்டும் கெடு வழக்கமாக மே 1. அதற்கு முன் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இறையியல் துறைக்கு: கடந்த ஆண்டின் முதல்நிலைப் பாடத்திட்டப் பிரதி இரண்டு அனுப்ப முடியுமா. விடுதி அலுவலகத்துக்கு: கட்டாயத் தங்கல் எத்தனை பருவம், விருந்தினர் நேரம் என்ன, ஈஸ்டரில் உணவுக்கூடம் திறந்திருக்குமா. மருத்துவ மையத்துக்கு: எந்தெந்த மருந்துக்குச் சீட்டு எழுதுவதில்லை. முதல் இரண்டுக்கும் ஓரிரு நாளில் பதில் வந்துவிடும். மூன்றாவதுக்குச் சுற்றி வளைத்த பதில் வந்தால் எழுதமாட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டு, வெளி மருத்துவரைப் பார்த்து வையுங்கள்.